அம்மாவின் பதிலாள்

திருப்பூரில் பெற்றோர் கூட்டத்துக்குப் பெற்றோர் போவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் கூட்டம் நிற்கவில்லை. முன்னைவிட ஒழுங்காக, நேரம் தவறாமல், ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் நடந்தது. வருகை நூற்றுக்கு நூறு. தலைமையாசிரியர்கள் ஆண்டு விழா மேடையில் இதை ஒரு சாதனையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள்.

போனது பதிலாள். அந்தச் செயலிக்கு அதுதான் பெயர். ஒரு வருடம் போல உங்கள் போன் காதைத் திறந்து வைத்திருக்கச் சம்மதித்தால் போதும். பிள்ளையிடம் நீங்கள் பேசுவது, பிள்ளையைப் பற்றி ஊராரிடம் பேசுவது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, உங்கள் குரலில், உங்கள் இழுவையில், நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லும். 'சந்திப்பின் முழுப் பயனும் உங்களுக்கு, உங்கள் நேரமும் உங்களுக்கே' என்று பஸ்ஸுக்குப் பின்னால் விளம்பரம் ஓடியது. பொய்யும் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளும், ஆசிரியர் சொன்னதைக் குறித்துக்கொள்ளும், அடுத்த வாரம் டியூஷனுக்குச் சொல்லியாச்சா என்று ஞாபகப்படுத்தும். நாம் செய்திருக்க வேண்டியதையெல்லாம் செய்தது, பாவம்.

ஆசிரியர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஆளுக்கொரு பதிலாள் வைத்துக்கொண்டார்கள். ஆக, மேசைமேல் எதிரெதிரே இரண்டு திரைகள். நடுவில் ஒரு நாற்காலியில் பிள்ளை. ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் கூட்டத்தில் கண்டிப்பாக உட்கார வேண்டும், தங்களைப் பற்றிய முடிவுகளைத் தாங்களும் கேட்க வேண்டும் என்று யாரோ பெரிய கல்வியாளர் முன்னொரு காலத்தில் சொன்ன விதி. அந்த விதியை மட்டும் யாரும் மாற்ற நினைக்கவில்லை.

மோகனப்பிரியாவைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பனியனில் ஓட்டை, கறை, தையல் பிசகு கண்டுபிடிப்பது வேலை. புருஷன் தரணி எத்தியோப்பியாவில் ஒரு சாயப்பட்டறைக்கு மாஸ்டராகப் போயிருந்தான். கடைசியாக அவள் நேரில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது மகள் ஐந்தாம் வகுப்பு. அரை நாள் பர்மிஷன் கேட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வரிசையில் கால் கடுக்க நின்று, உள்ளே போய் உட்கார்ந்தால் நான்கு வார்த்தை பேசுவதற்குள் அடுத்தவர் வந்து நின்றுவிட்டார். பதிலாள் வந்ததும் முதல் ஆளாகப் போட்டுக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. கம்பெனியில் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மகள் மிருதுளா இப்போது எட்டாம் வகுப்பு. வயதுக்கு மீறிய உயரம், அகலமான தோள், நீண்ட கை. கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனால் யாராவது ஒருத்தர் நின்று, "உங்க புள்ளைங்களா? என்ன வளத்தி!" என்பார்கள். அவ்வளவுதான், மோகனாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"வளந்து என்னங்க பண்றது, ஆகாவழி. காலோட கால் தடுக்கி விழுது" என்று உடனே சொல்லிவிடுவாள். பக்கத்தில் மிருதுளா நிற்பாள். அதனால் என்ன? பிள்ளைக்குத் தெரியாதா என்று நினைப்பு. நம் பக்கத்தில் எந்த அம்மாதான் வெளி ஆளிடம் தன் பிள்ளையை மெச்சிப் பேசியிருக்கிறாள்? மிருதுளா கைக்குழந்தையாக இருந்தபோது எதிர்வீட்டுக்காரி "கொழுகொழுன்னு என்னமா இருக்குது" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வைத்து, பிழைத்து வந்ததே பெரும்பாடு. டாக்டர் டெங்கு என்றார். அது என்னவென்று மோகனாவுக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து யார் வாயிலும் மகள் விழாமல் பார்த்துக்கொண்டாள். விழுந்துவிட்டால் அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவாள்.

அந்த வருடம் காலாண்டுக் கூட்டம் நடந்த அன்று கம்பெனியில் ஷிப்மென்ட். 'சந்திப்பு நல்லபடியாக முடிந்தது' என்று போனில் வந்தது. அதற்குக் கீழே இருந்ததைப் படிக்க மோகனாவுக்கு நேரமில்லை. நல்லபடியாக முடிந்ததே, அது போதாதா?

விஷயம் தெரிந்தது உழவர் சந்தையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மிருதுளாவின் வகுப்பாசிரியை ரெஜினா.

"ஏனுங்க மிருதுளா அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஏன் வேண்டாம்னுட்டீங்க?"

"எதுங்க மிஸ்?"

"விடுதிக்குத்தான். தடகள விடுதி."

மோகனா கையிலிருந்த கத்தரிக்காயோடு விழித்தாள். ரெஜினாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னாள்.

"மிருதுளா வட்டு எறியறாளுங்களே, மாவட்டப் போட்டில அவதான் முதல். அவ எறிஞ்சது டேப் புடிச்சுட்டு நின்ன ஆளுக்குப் பின்னால போய் விழுந்துச்சு. அந்த ஆளு துள்ளி ஓடுனாரு. தேர்வு பண்ண வந்தவங்க பி.டி. சார்கிட்ட ரெண்டு தரம் கேட்டாங்களாம், நெசமாவே எட்டாவதுதான் படிக்குதான்னு. அரசாங்க விடுதில எடம் குடுத்தாங்க. படிப்பு, சாப்பாடு, கோச்சு எல்லாம் அவங்களே. பெத்தவங்க சரின்னு மீட்டிங்கில சொன்னாப் போதும்."

"சொல்லலீங்களா?"

"உங்க பதிலாள் வேண்டாம்னுடுச்சு. என்னோட பதிலாள் சரின்னு பதிஞ்சுக்கிச்சு."

"அப்ப நீங்க?"

ரெஜினா பையைக் கை மாற்றிக்கொண்டாள். "நானும் அங்க இல்லீங்க. நாப்பது புள்ளைக, மார்க் ஏத்தற வேலை தலைக்கு மேல. நாலு நாள் கழிச்சுத்தான் பாத்தேன். உங்க முடிவாக்கும்னு விட்டுட்டேன். மனசு கேக்கல, அதான் இப்பக் கேட்டேன்."

மாவட்டப் போட்டி பற்றி மோகனாவுக்குத் தெரியாமல் இல்லை. மிருதுளா சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டியிருந்தாள். "சரி சரி, வெளிய காட்டிட்டுத் திரியாத. உள்ள வெய்" என்று வாங்கி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தவள் மோகனாதான். பட்டுப்புடவைக்கு அடியில் அவள் வேறு எதையும் வைத்ததில்லை. அது மகளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ரெஜினா அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

இரண்டு திரைகளுக்கு நடுவே மிருதுளா. இரட்டைச் சடை பின்னி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். இடது திரையில் மோகனா. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்குவதுகூட அப்படியே அவள்தான்.

"வணக்கங்க மிஸ். நல்லா இருக்கீங்களா? இந்தக் கழுதை என்ன பண்ணி வெச்சிருக்குது?"

ஆசிரியையின் பதிலாள் கணக்கு மார்க்கைச் சொன்னது. டியூஷன் வைப்பதாக அம்மாவின் பதிலாள் ஒத்துக்கொண்டது. பிறகு, "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி" என்று தொடங்கி, போட்டி, விடுதி எல்லாம் விளக்கமாக வந்தது. மிருதுளா அம்மாவின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்கும் முகம்.

"அய்யோ, அவளா? நீங்க வேற யாரையோ சொல்றீங்க மிஸ். வீட்டுல ஒரு கொடம் தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னா ஒம்பது எடத்துல சிந்துவா."

"விடுதியில் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டும்."

"அதெல்லாம் எதுக்குங்க மிஸ். அவ அதுக்கெல்லாம் லாயக்கில்ல. வீட்டுலயே கெடக்கட்டும்."

"அம்மா" என்றாள் மிருதுளா. "நான் போறேன்மா."

"வாய மூடு. ரெண்டு பேரு நல்லா இருக்குன்னு சொன்னா ஒடனே தலைக்கு ஏறிருமா உனக்கு?"

"சரி. உங்கள் முடிவு பதிவாகிவிட்டது. வேறு கேள்விகள் உண்டா?"

"இல்லீங்க மிஸ். நீங்க கொஞ்சம் கண்டிச்சு வெய்ங்க."

மிருதுளா எழுந்தாள். "தேங்க்யூ மிஸ்" என்று ஒரு திரையிடம் சொன்னாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனாள். வரும்போது நிமிர்ந்திருந்த தோள் போகும்போது உள்ளே ஒடுங்கியிருந்தது.

மோகனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுல நான் சொல்லாத வார்த்தை ஒண்ணுகூட இல்லீங்க மிஸ். எல்லாம் என்ற வாயில வந்ததுதான். ஆனா நான் இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டனுங்க."

"சொல்லியிருப்பீங்க" என்றாள் ரெஜினா. "நேர்லயும் எதுக்குங்க மிஸ்னுதான் சொல்லியிருப்பீங்க. நான் சிரிச்சிட்டு, 'அட சும்மா இருங்க, அனுப்பி வெய்ங்க'ன்னு மறுபடி கேட்டிருப்பேன். நீங்க அவளத் திட்டிக்கிட்டே, 'உங்க இஷ்டங்க மிஸ், என்னமோ பண்ணுங்க'ன்னுருப்பீங்க. அவளும் அந்தத் திட்டுக்குச் சிரிச்சிருப்பா. இதுகளுக்கு வேண்டாம்னா வேண்டாம்தானுங்களே."

அதுதான் விஷயம். நம் வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். சரி என்று நாம் விட்டுவிட்டால் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். பதிலாளுக்கு நம் சொல் மொத்தமும் தெரியும். மறுபடி ஒருதரம் கேட்க வேண்டும் என்று மட்டும் எதிர்த் திரைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதே கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவுடைய பதிலாள், "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க மிஸ்" என்று வழக்கம்போலச் சொல்லப்போக, அது அப்படியே பதிவாகி, குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஆள் வீடு தேடி வந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லி ஊரே சிரித்தது. மிருதுளா கதையில் சிரிக்க ஒன்றுமில்லை.

ரெஜினா அங்கேயே விடுதிக்குப் போன் போட்டாள். அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டது. சேர்ந்தும்விட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாமா என்று கேட்டாள் ரெஜினா. எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எடுப்பார்களாம். மோகனா போனை வாங்கித் தானே பேசிப் பார்த்தாள், கெஞ்சினாள். அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். "அந்தப் பொண்ணு எறிஞ்சத நானும் பாத்தேன்மா. எனக்கே வருத்தந்தான்" என்றார். வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆத்திரம் தாங்காமல் பதிலாள் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள். விக்னேஷ்வரன் என்று ஒரு பையன் எடுத்தான்.

"உங்க ஆப்ல கோளாறுங்க. என்ற புள்ளைய நான் நெனைக்காததெல்லாம் பேசி வெச்சிருக்குது."

"பாத்துடறேன் மேடம்." கொஞ்ச நேரம் விசைப்பலகை சத்தம். "கோளாறு எதுவும் இல்ல மேடம். உங்க பேச்சோட நல்லாப் பொருந்துது. அது நீங்க பேசுனதுல இருந்துதான் கத்துக்கும். நெனைக்கறது அதுக்குத் தெரியாது."

"என்ற பேச்சுல அவள நல்லவிதமாச் சொன்னதே இல்லியா?"

மறுபடி சத்தம். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு தடவகூட இல்ல மேடம். நானே தேடிப் பாத்துட்டேன். சார்கிட்ட வெளிநாட்டுக்குப் பேசுறப்பகூட இல்ல."

"அது எப்படிங்க தம்பி போன்ல சொல்றது? அங்க அவருகூட யாரு இருப்பாங்களோ, என்ன கண்ணோ."

"புரியுது மேடம்."

"வாரா வாரம் சுத்திப் போடறனுங்க. அவ தூங்குனதுக்கப்புறம் நெத்தியத் தடவிப் பாக்காம நான் படுத்ததில்லீங்க."

"சுத்திப் போடும்போது என்ன பேசுவீங்க மேடம்? தேதி சொன்னீங்கன்னா எடுத்துப் பாக்கறேன்."

"அப்பப் பேசக் கூடாதுங்களே. வாயத் தொறந்தாப் பலிக்காது."

"அப்ப அது எங்களுக்கு வராதுங்க மேடம்."

வேண்டுமானால் ஒரு நாலைந்து மணி நேரம் மகளைப் பாராட்டிப் பேசிப் பதிந்து அனுப்பினால் அடுத்த கூட்டத்துக்குள் சரி செய்துவிடலாம் என்றான். மோகனா போனை வைத்துவிட்டாள். அன்றே செயலியையும் நீக்கினாள். அதைச் செய்துவிட்டால் ஏதோ தீர்ந்துவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அன்று பள்ளி விட்டு வந்த மிருதுளா கூடத்தில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் மைதானத்திலிருந்து வர மாட்டாள். இருட்டிய பிறகு மண்ணும் வேர்வையுமாக வந்து திட்டு வாங்குவாள். இப்போது நான்கரைக்கெல்லாம் வீடு. அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டது வேறு மோகனாவுக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

"அம்மிணி, மிஸ்ஸப் பாத்தேன்."

"ம்."

"அன்னிக்கு அங்க பேசுனது நான் இல்ல."

"தெரியும்மா. ஆப்."

"நான் வந்திருந்தா உன்ன அனுப்பி வெச்சிருப்பேன்."

மிருதுளா ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். "அப்படியா?" என்றாள். அதில் குத்தல் இல்லை. தெரியாத ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பற்றி யாரோ சொல்வதைக் கேட்பது போல இருந்தது.

"சத்தியமாச் சொல்றேன். அது என்னாட்டமே இல்ல அம்மிணி."

"உன்னாட்டவேதான்மா இருந்துச்சு" என்றாள் மிருதுளா. "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. நீ திட்டுனா நான் எப்பவும் பேசாமத்தான இருப்பேன்? அங்கயும் அப்படித்தான் இருந்தேன். விடும்மா, எனக்கும் அவ்ளோ தூரம் போறதுக்கு இஷ்டமில்ல."

பொய் சொல்கிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? இதுதான் நேரம், இப்போது சொல்லிவிட வேண்டும் என்று மோகனா வாயைத் திறந்தாள். வெளியே மாடிப்படியில் பேச்சுக்குரல் கேட்டது. பக்கத்து போர்ஷன் அம்மா யாரிடமோ பேசியபடி ஏறி வந்துகொண்டிருந்தார். மோகனா சட்டென்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஜன்னலையும் இழுத்து மூடினாள். திரும்பி வந்தபோது கூடத்தில் மகளும் இல்லை, துணிக் குவியலும் இல்லை. உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் பின்னால் எத்தனை நாள் தன்னைத் தானே நொந்துகொண்டாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

அதற்குப் பிறகு முயற்சி செய்யாமல் இல்லை. ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினாள். கம்பெனி பாத்ரூமில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் வாயில் வருவது சாப்பிட்டியா, படிச்சியா, தலைய ஒழுங்கா வாரு. மிருதுளா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முகம் கோணவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. கணக்கில் மார்க்கூட ஏறியது. அம்மாவைச் சிரமப்படுத்தாமல் எப்படி இருப்பது என்று தெரிந்துகொண்ட பிள்ளை மாதிரி வீட்டுக்குள் நடமாடினாள். அதற்கு அவள் கதவை அறைந்து சாத்தியிருக்கலாம் என்று மோகனாவுக்குத் தோன்றியது.

ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் பி.டி. சாரைப் பார்த்து, மாவட்டப் போட்டி நடந்த மைதானத்துக்கு வழி கேட்டுக்கொண்டு போனாள். எறிகிற வட்டத்தில் நின்று பார்த்தாள். பிறகு வட்டு விழுந்ததாக அவர் சொன்ன இடம் வரைக்கும் நடந்தாள். நடக்க நடக்கப் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் நின்று அழுதாள்.

அரையாண்டுக் கூட்டம் பொங்கல் கழிந்து வந்தது. தானே வருவதாக மோகனா முன்கூட்டியே ரெஜினாவுக்குச் சொல்லியிருந்தாள். நானும் நேரில் இருக்கிறேன், மிருதுளாவிடமும் சொல்லிவிடுகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள். கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டார்.

"யாரப் பாக்கணும்?"

"பேரண்ட்ஸ் மீட்டிங்குங்க."

"அதுக்கு நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

வராந்தாவில் ஈ காக்கை இல்லை. ஒவ்வொரு அறையிலிருந்தும் பேச்சு மட்டும் கேட்டது. எட்டாம் வகுப்பு அறைக்குள் ரெஜினா தனியாக உட்கார்ந்திருந்தாள். மோகனாவைப் பார்த்ததும் எழுந்தாள், உட்காரச் சொன்னாள், கண்ணைப் பார்க்கவில்லை.

நடுவில் இருந்த நாற்காலி காலி. அதற்கு முன்னால் ஒரு திரை. திரையில் மிருதுளா.

"இந்தத் தடவைல இருந்து எட்டாங்கிளாஸ் புள்ளைகளுக்கும் குடுத்திருக்காங்க" என்றாள் ரெஜினா. "கூச்சப்படற புள்ளைக மனசு விட்டுப் பேசட்டும்னு. பள்ளிக்கூடத்துல பேசறது, வீட்டுல பேசறது எல்லாம் கேட்டுக் கத்துக்கும். இது புதுசு, பழசாட்டம் ஒரு வருஷம் வேண்டாம், ஒரு வாரம் கேட்டாப் போதும். விருப்பப்பட்டா மட்டுந்தான். மிருதுளா வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தா." "நீங்க நேர்ல வர்றீங்கன்னு போன வாரம் சொன்னேன். அதுக்கப்புறந்தான் பேரு குடுத்தா."

மோகனா அந்த முகத்தைப் பார்த்தாள். மகளின் முகமேதான். புருவத்துக்கு மேல் இருந்த சின்னத் தழும்பைக்கூட விடவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் ரெஜினா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "மிருதுளா, புது சயின்ஸ் சார் எப்படி?"

"அய்யோ மிஸ், அவரா?" திரை கலகலவென்று சிரித்தது. "போர்டுல படம் போட்டுட்டு இது தவளைம்பாரு. பின்னாடி இருந்து மேகலா, சார் அது பரோட்டா சார்ங்கறா. அவரும் திரும்பிப் பாத்துட்டு ஆமாங்கறாரு மிஸ்." சாரின் குரலில் பேசிக் காட்டியது, பரோட்டாவைக் கையால் பிய்த்தும் காட்டியது. மோகனாவுக்கு அந்தச் சிரிப்பு புதிது. இவ்வளவு நீளமாக மகள் பேசி அவள் கேட்டதில்லை.

"உங்க அம்மா வந்திருக்காங்க" என்றாள் ரெஜினா.

திரையில் சிரிப்பு அடங்கியது. முகம் அமைதியாக மோகனாவின் பக்கம் திரும்பியது.

அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. மோகனா எழுந்துபோய் அதைச் சாத்தவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"உன்ற தோளப் பாத்தா எனக்கு அவ்வளவு பெருமை சாமி. தெருவுல நீ முன்னால போனா நான் வேணும்னே பின்னால வருவேன், உன்னப் பாத்துட்டே வரலாம்னு. நீ எறிஞ்ச எடத்தப் போய்ப் பாத்தேன். என்னால நம்பவே முடியல. என்ற வயித்துல பொறந்ததான்னு இருந்துச்சு. உனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயந்து பயந்து, வாயில வந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லியே வளத்திட்டேன். தப்புப் பண்ணிட்டேன்."

ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் மிருதுளா கண்ணைச் சிமிட்டினாள். வேறு எந்த மாற்றமும் இல்லை.

"உனக்கு அம்மா மேல கோவமா அம்மிணி?"

முகம் அப்படியே நின்றது. பிறகு அதே குரல், ஆனால் மிருதுளாவின் பேச்சு இல்லாமல், தெளிவாகச் சொன்னது: "மன்னிக்கவும். இந்தக் கேள்விக்கு மிருதுளா என்ன சொல்வாள் என்று கணிக்க முடியவில்லை. அம்மாவுடன் அவள் பேசிய பேச்சு போதுமான அளவு இல்லை. இருக்கும் பதில்கள் மூன்றுதான். சரிம்மா. ஒண்ணுமில்லம்மா. பரவால்லம்மா. இவற்றில் ஒன்றைச் சொல்லட்டுமா?"

ரெஜினா பதறிப்போய்த் திரையை அணைக்கக் கையை நீட்டினாள். மோகனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வர ஆள் யாரும் இல்லை, அவசரப்படுத்துவார் யாரும் இல்லை. வெகுநேரம் யோசித்தாள்.

"பரவால்லம்மான்னு சொல்லு" என்றாள்.

திரையிலிருந்த முகம் லேசாகத் தலையை ஆட்டியது. மகளின் குரலில், மகளின் இழுவையில், "பரவால்லம்மா" என்றது.

"சரி சாமி" என்றாள் மோகனா.